நாலாயிரம் கோடிக்கு நடுவே

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் லேலண்ட் கிளார்க் என்ற உயிர்வேதியியலாளர், உடலுக்கு வெளியே வைத்து ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் கருவி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினார். கட்டுரை திரும்பி வந்தது. கருவியிலிருந்து வெளிவரும் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அவர் அளந்து காட்டவில்லை என்பது காரணம். அளப்பதற்கு அப்போது நல்ல வழியும் இல்லை. பிளாட்டினம் மின்வாய் தண்ணீரில் ஒழுங்காக வேலை செய்யும். ரத்தத்தில் தோய்த்தாலோ, புரதங்கள் உலோகத்தின் மேல் படிந்து சற்று நேரத்தில் அதைக் கெடுத்துவிடும்.

கிளார்க் அந்த மின்வாயை ஒரு மெல்லிய படலத்தால் மூடினார். முதலில் பயன்படுத்தியது சிகரெட் பாக்கெட்டின் மேல் சுற்றியிருக்கும் செல்லோஃபேன் தாள், பிறகு பாலிஎத்திலீன். ஆக்சிஜன் சின்ன மூலக்கூறு, படலத்தைக் கடந்து உள்ளே போய்விடும். புரதங்கள் பெரியவை, வெளியே நின்றுவிடும். உலோகம் சுத்தமாக இருக்கும். மின்னோட்டத்தைப் பார்த்தே ஆக்சிஜன் அளவைச் சொல்லிவிடலாம். 1962இல் அவர் இன்னொரு படி போனார். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியை அந்த மின்வாயின் மேல் வைத்தார். நொதி சர்க்கரையைத் தின்னும்போது ஆக்சிஜனையும் சேர்த்துச் செலவழிக்கும்; எவ்வளவு ஆக்சிஜன் குறைந்ததோ அதை வைத்துச் சர்க்கரையைக் கணக்கிடலாம். உலகின் முதல் பயோசென்சர் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். 1980களில் இரும்பு அணுவைக் கொண்ட ஃபெரோசீன் என்ற சேர்மம் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்தது. எலக்ட்ரான்களை நொதியிலிருந்து மின்வாய்க்கு அதுவே சுமந்து சென்றது. 1987இல் பேனா அளவுள்ள குளுக்கோமீட்டர் கடைக்கு வந்தது. இன்று நம் வீடுகளில் மருந்து டப்பாவோடு கிடக்கும் கருவிகள் எல்லாம் அந்த வம்சம்தான்.

விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், ஐந்து விநாடியில் ஓர் எண். சர்க்கரைக்கு இது முடிகிறது என்றால் மறதிநோய்க்கு ஏன் முடியாது? ஆய்வகங்கள் பல ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகின்றன. ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்துவிட்டன, மறதிநோய்க்கான சோதனைப் பட்டை மட்டும் வரவில்லை. ஏன் என்பதற்கான பதிலில் பாதி கிளார்க்கின் அந்தப் படலத்திலேயே இருக்கிறது.

முதலில் எதை அளக்கப் போகிறோம் என்று பார்ப்போம். நினைவும் பேச்சும் முடிவெடுக்கும் திறனும் குலைந்து, அன்றாட வாழ்க்கையே தடுமாறும் நிலையைத்தான் மறதிநோய் அல்லது டிமென்ஷியா என்கிறோம். அதற்குக் காரணங்கள் பல. 60 முதல் 70 சதவீதம் பேருக்கு அல்சைமர் நோய். மற்றவர்களுக்கு மூளை ரத்தக்குழாய்ப் பாதிப்பு, லூயி உருண்டைகள் எனப்படும் புரதத் திரட்சி, இன்னும் சில. உலகில் 2021இல் 5.7 கோடிப் பேருக்கு டிமென்ஷியா இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ‘வயசானா மறதி வரத்தானே செய்யும்’ என்று சொல்லி நாம் ஒதுக்கிவிடுவதால் இவர்களில் பெரும்பாலோர் மருத்துவரிடம் போவதே இல்லை.

அல்சைமரில் இரண்டு புரதங்கள் முக்கியமானவை. ஒன்று அமிலாய்டு பீட்டா. நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளாகக் குவியும். இதன் அமைப்பை 1984இல் ஜார்ஜ் கிளென்னரும் கெய்ன் வாங்கும் கண்டறிந்தார்கள். மற்றொன்று டாவ். இயல்பாக நரம்பணுவின் உட்கட்டமைப்பைத் தாங்கி நிற்கும் புரதம் இது. நோயில் இதன் மேல் பாஸ்பேட்டுகள் அளவுக்கு மீறி ஏறி, முறுக்கிக்கொண்டு, அணுவுக்கு உள்ளேயே சிக்கலாகத் திரளும். இந்த மாற்றங்கள் மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. ஆகவே முன்கூட்டியே கண்டறிவது என்றால் இந்தப் புரதங்களைத்தான் தேட வேண்டும்.

உயிரோடு இருப்பவரின் மூளையில் அவற்றைப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. அமிலாய்டில் போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றி பெட் ஸ்கேன் எடுக்கலாம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான அப்படியொரு பொருளைப் பற்றிய முதல் மனித ஆய்வு 2004இல் வெளியானது. அல்லது முதுகுத்தண்டில் ஊசி போட்டு மூளைத் தண்டுவடத் திரவத்தை எடுத்துச் சோதிக்கலாம். முதலாவதற்குப் பணம் வேண்டும், இரண்டாவதற்குத் துணிவு வேண்டும். 70 வயதுப் பெரியவரிடம், ‘சும்மா பார்த்துவிடலாம்’ என்று சொல்லி முதுகில் ஊசி போட முடியுமா? அதனால்தான் எல்லோரும் ரத்தத்தை நோக்கித் திரும்பினார்கள்.

ரத்தத்துக்கு வந்ததும் அளவுப் பிரச்சினை வந்துவிடுகிறது. சாப்பிடாத வேளையில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கும். பைக்கோகிராமில், அதாவது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கில் சொன்னால், அது 100 கோடி பைக்கோகிராம். இன்று அல்சைமருக்கு மிக நம்பகமான ரத்த அடையாளமாகக் கருதப்படும் பி-டாவ் 217 (பாஸ்பேட் ஏறிய டாவ்) அதே ஒரு மில்லிலிட்டரில் பெரும்பாலும் ஒரு பைக்கோகிராமைக்கூட எட்டுவதில்லை. அதன் அருகிலேயே மிதக்கும் ஆல்புமின் என்ற சாதாரண ரத்தப் புரதம் எவ்வளவு? சுமார் 4000 கோடி பைக்கோகிராம்.

கிளார்க்குக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவருக்கு வேண்டியது சின்ன மூலக்கூறு. புரதங்கள் அத்தனையையும் ஒரே படலத்தால் வெளியே தள்ள முடிந்தது. மறதிநோயைத் தேடுகிறவருக்கு வேண்டியதே ஒரு புரதம். படலம் போட்டு மூடினால் வேண்டியதும் சேர்ந்து வெளியே நின்றுவிடும். திறந்து வைத்தால் 4000 கோடியும் உள்ளே வந்துவிடும்.

இதற்கு உயிரியல் தந்த விடை ஆன்டிபாடி. குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் முறையை 1975இல் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் கண்டுபிடித்து, 1984இல் நோபல் பரிசு பெற்றார்கள். டாவ் புரதத்தின் முழு வடிவத்தில் 441 அமினோ அமிலங்கள் உண்டு. அதில் 217ஆவது இடத்தில் இருக்கும் திரியோனினில் பாஸ்பேட் ஏறியிருந்தால் பற்றும், ஏறவில்லையென்றால் விட்டுவிடும் என்ற அளவுக்கு நுணுக்கமான ஆன்டிபாடிகள் இன்று இருக்கின்றன. அவற்றைத் தங்க மின்வாயின் மேல் வரிசையாக நட்டுவைப்பதும் கடினமில்லை. கந்தகம் தங்கத்தை இறுகப் பிடிக்கும்; ஒரு முனையில் கந்தகம் கொண்ட மூலக்கூறுகளைத் தங்கத்தின் மேல் விட்டால் அவை தாமாகவே அடுக்காக நிற்கும், மறுமுனையில் ஆன்டிபாடியைக் கோத்துவிடலாம்.

ஆனால் ஆன்டிபாடி நொதி அல்ல. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் சர்க்கரையைச் சிதைத்து எலக்ட்ரான்களைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மின்வாய்க்குப் படிக்க ஏதாவது கிடைக்கும். ஆன்டிபாடி பிடித்தது பிடித்தபடி நிற்கும். எலக்ட்ரான் எதுவும் வராது. அது பிடித்துவிட்டது என்று மின்வாய்க்கு எப்படித் தெரிவிப்பது? இந்தத் துறையில் கற்பனை வளமெல்லாம் செலவாகியிருப்பது இந்த ஒரு கேள்வியில்தான்.

அமிலாய்டு பீட்டாவையே நேராக ஆக்சிஜனேற்றம் செய்து பார்ப்பது ஒரு வழி. அதன் பத்தாவது இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்திக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் அது எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். புரதங்கள் ஒன்றோடொன்று திரளத் தொடங்கியதும் டைரோசின் உள்ளே மறைந்து சமிக்ஞை குறையும். சோதனைக் குழாயில் திரட்சியைக் கவனிப்பதற்கு, திரட்சியைத் தடுக்கும் மருந்துகளைச் சலித்தெடுப்பதற்கு இது அருமையான முறை. ரத்தத்தில் உதவாது. ஆல்புமின் மூலக்கூறு ஒன்றிலேயே 18 டைரோசின்கள் இருக்கின்றன. யாருடைய எலக்ட்ரான் என்று எப்படிப் பிரிப்பது?

இரண்டாவது வழி, மின்மறுப்பை அளப்பது. கரைசலில் ஃபெரோசயனைடு, ஃபெரிசயனைடு அயனிகளைக் கலந்துவிடுவார்கள். அவை மின்வாயோடு எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கும். மிகச் சிறிய மாறுதிசை மின்னழுத்தத்தைச் செலுத்தி, அதன் அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போனால் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று தெரியும். ஆன்டிபாடி ஒரு டாவ் மூலக்கூறைப் பிடித்ததும் அந்த இடம் அடைபடும், அயனிகள் மின்வாயை எட்டுவது கடினமாகும், தடை ஏறும். வேறு வேதிப்பொருளோ சாயமோ தேவையில்லை. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இதைவிட அழகான முறை கிடையாது. குறை ஒன்றுதான்: எது வந்து உட்கார்ந்தாலும் தடை ஏறும். டாவுக்குப் பதில் ஆல்புமின் வந்து படிந்தாலும் கருவி அதே எண்ணைத்தான் காட்டும்.

டிரான்சிஸ்டரை வைத்து, பிடிபட்ட புரதத்தின் மின்னூட்டத்தையே உணரப் பார்த்தவர்களுக்கு வேறு தடை. ரத்தத்தில் உப்பு அதிகம். உப்பின் அயனிகள் எந்த மின்னூட்டத்தையும் சூழ்ந்துகொண்டு ஒரு நானோமீட்டருக்குள்ளேயே அதை மறைத்துவிடும். ஆன்டிபாடியின் உயரமோ சுமார் 10 நானோமீட்டர். அதன் தலையில் பிடிபட்டிருக்கும் புரதம் கீழே இருக்கும் டிரான்சிஸ்டருக்குத் தெரியவே தெரியாது. உப்பை நீர்த்துவிட்டால் தெரியும். ஆனால் அப்போது அளப்பது ரத்தத்தை அல்ல.

நானோ துகள்களைப் பற்றி இங்கே சொல்லாமல் விட முடியாது, நீட்டவும் விருப்பமில்லை. தங்கத் துகள், கார்பன் நானோகுழாய், கிராஃபீன் என எதையாவது மின்வாயின் மேல் பூசி, பரப்பைக் கூட்டி, சமிக்ஞையைப் பெருக்கிவிட்டதாகச் சொல்லும் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. கிராஃபீனில் எதைக் கலந்தாலும் முன்னேற்றம் என்று எழுதும் வழக்கத்தைக் கேலி செய்வதற்காகவே மார்ட்டின் புமேராவும் அவருடைய சகாக்களும் கிராஃபீனில் பறவை எச்சத்தைக் கலந்து பார்த்தார்கள். வினையூக்கத் திறன் உண்மையிலேயே கூடியது. 2020இல் ஏசிஎஸ் நானோ இதழில் அது வெளியானது. கேலியாகச் செய்த சோதனைதான், ஆனாலும் இந்தத் துறையில் நுழையும் மாணவர்கள் முதலில் படிக்க வேண்டிய கட்டுரை அது என்பேன். எவ்வளவு குறைந்த அளவைக் கண்டுபிடித்தோம் என்ற போட்டியில் பல குழுக்கள் பைக்கோகிராமையும் தாண்டிக் கீழே போய்விட்டன. சுத்தமான உப்புக் கரைசலில் தாங்களே கலந்துவிட்ட புரதத்தைத் தாங்களே கண்டுபிடிப்பது ஒன்று. 78 வயதுக்காரரின் ரத்தத்தில், அதிலும் பாராசிட்டமாலும் யூரிக் அமிலமும் வைட்டமின் சி-யும் மின்வாயில் தாமே எலக்ட்ரானைக் கொட்டிக்கொண்டிருக்கும் சூழலில், கண்டுபிடிப்பது வேறு.

மின்வாயின் மேல் வேண்டாத புரதங்கள் படிவதைத் தடுக்கும் முயற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஹார்வர்டின் வைஸ் நிறுவனத்திலிருந்து 2019இல் வந்தது. மாட்டு ஆல்புமினை எடுத்து, குளூட்டரால்டிஹைடு கொண்டு வலையாகப் பின்னி, மின்கடத்தும் தங்க நானோகம்பிகளை அதற்குள் கலந்து, மின்வாயின் மேல் பூசினார்கள். புரதம் ஏற்கெனவே குடியேறிவிட்ட இடத்தில் புதிய புரதங்கள் வந்து ஒட்டுவதில்லை. எலக்ட்ரான்கள் மட்டும் தங்கத்தின் வழியே கீழே இறங்கும். வடிகட்டாத பிளாஸ்மாவில் ஒரு மாதம் கிடந்த பிறகும் மின்வாய் பெருமளவு திறனோடு இருந்தது. எதிரியைக் கொண்டே வேலி போட்ட கதை.

ஆனால் மருத்துவமனைகளுக்குள் முதலில் நுழைந்த மின்வேதியியல் முறை இவை எதுவும் இல்லை. ரோஷ் நிறுவனத்தின் எலெக்சிஸ் சோதனைகளில், பிடிப்பதும் அளப்பதும் தனித்தனியாக நடக்கின்றன. காந்தத் தன்மையுள்ள நுண்மணிகளின் மேல் ஒரு ஆன்டிபாடி. ருத்தீனியம் சேர்மம் கட்டிய இன்னொரு ஆன்டிபாடி. புரதம் இரண்டுக்கும் நடுவில் சிக்கும். பிறகு காந்தத்தால் மணிகளை மின்வாயின் மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழுவி வெளியேற்றிவிடுவார்கள். 4000 கோடியும் போய்விடும். கடைசியில் மின்னழுத்தம் கொடுத்தால் ருத்தீனியம் ஒளிரும். இருட்டில் அந்த ஒளியை எண்ணுவார்கள். மின்சாரம் கொடுத்து ஒளியாக வாங்கிக்கொள்வதால் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு. கிளார்க்கின் படலம் செய்த வேலையை இங்கே கழுவுதல் செய்கிறது.

கழுவ வேண்டும் என்றால் குழாய்கள், பம்புகள், திரவங்கள், ஒரு பெரிய இயந்திரம், அதை இயக்க ஆள் எல்லாம் வேண்டும். கையடக்கப் பட்டைக்கும் மருத்துவ ஆய்வக இயந்திரத்துக்கும் உள்ள தூரம் இதுதான். அந்த இயந்திரத்தில் ஓடும் பி-டாவ் 181 ரத்தச் சோதனைக்கு 2025 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது. நினைவுக் குறைபாட்டோடு பொது மருத்துவரிடம் வரும் 55 வயதுக்கு மேற்பட்டவர்களில், அல்சைமர் காரணமாக இருக்க வாய்ப்பில்லாதவர்களை ஒதுக்கிச் சொல்வதற்கு அது பயன்படும். அதற்குச் சில மாதங்கள் முன்னால், மே மாதம், ஜப்பானின் ஃபியூஜிரெபியோ நிறுவனத்தின் பி-டாவ் 217 சோதனை ஒப்புதல் பெற்றிருந்தது; அதில் மின்வாய் கிடையாது, நொதி தூண்டும் ஒளிதான். அந்தச் சோதனையில் நோய்க்குறி உண்டு என்று வந்தவர்களில் 91.7 சதவீதம் பேருக்கு பெட் ஸ்கேனோ தண்டுவடத் திரவமோ அதை உறுதிசெய்தது. இல்லை என்று வந்தவர்களில் 97.3 சதவீதம் சரி.

நல்ல எண்கள்தான். ஆனால் அவை ஏற்கெனவே மறதியோடு சிறப்பு மருத்துவரிடம் வந்தவர்களைச் சோதித்துக் கிடைத்தவை. அதே கருவியை எந்தக் குறையும் இல்லாத ஆயிரம் பேரிடம் கொண்டுபோனால் என்ன ஆகும்? ஒரு கணக்குக்காக, அந்த ஆயிரத்தில் 100 பேருக்கு நோய் உள்ளே தொடங்கியிருக்கிறது, சோதனை 90 சதவீதம் சரியாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ள 100 பேரில் 90 பேரை அது பிடிக்கும். நோயில்லாத 900 பேரிலும் 90 பேரைத் தவறாகப் பிடிக்கும். ‘உண்டு’ என்ற சீட்டோடு வீடு திரும்பும் 180 பேரில் பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லை. யார் அந்தப் பாதி என்று அவர்களுக்கும் தெரியாது. வீட்டுக்கு வீடு மறதிப் பட்டை என்று பேசுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதில்லை.

சரியாகப் பிடிபட்ட 90 பேருக்கு மட்டும் என்ன சொல்வது? அமிலாய்டு இருப்பதும் டிமென்ஷியா வருவதும் ஒன்றல்ல. டேவிட் ஸ்னோடன் 1986இல் மினசோட்டாவில் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரீகள் பங்கேற்றார்கள். இறந்த பிறகு மூளையை ஆய்வுக்குத் தர ஒப்புக்கொண்டவர்கள். அவர்களில் ‘சிஸ்டர் மேரி’ என்று அவர் எழுதியவர் 101 வயதுவரை தெளிவான நினைவோடு வாழ்ந்தார். மூளையைத் திறந்து பார்த்தபோது அல்சைமர் படிவுகள் ஏராளம். ரத்த எண்ணும் தனியாகப் பேசாது: சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மறதியே இல்லாமல் பி-டாவ் ஏறும். மருந்து என்று பார்த்தால், 2023இல் முழு ஒப்புதல் பெற்ற லெக்கனெமாப் 18 மாதங்களில் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது. நிறுத்தவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வந்தன. அதைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அடிக்கடி எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். கண்டறிந்த பிறகு செய்வதற்கு இவ்வளவுதான் கையில் இருக்கும்போது, அறிகுறியே இல்லாதவருக்கு ஓர் எண்ணைக் கொடுப்பது உதவியா தொந்தரவா என்று எனக்குச் சந்தேகமே இல்லை: இன்றைக்கு அது தொந்தரவுதான்.

பட்டைக்கான தேவை வேறோர் இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 10/66 என்ற பெயரில் 1998இல் ஓர் ஆய்வுக் கூட்டமைப்பு உருவானது. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆய்வில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதைத்தான் அந்தப் பெயர் சுட்டியது. அதன் இந்தியக் களங்களில் சென்னையும் வேலூரும் இருந்தன. பள்ளிக்கூடம் போகாதவரை, எழுதப் படிக்கத் தெரியவில்லை என்பதற்காகவே மறதிக்காரர் பட்டியலில் சேர்த்துவிடாத கேள்வி முறைகளை அவர்கள் உருவாக்கினார்கள். பெரியவரிடமும், அவரைப் பார்த்துக்கொள்ளும் மகளிடமோ மருமகளிடமோ பேசிப் பார்த்தாலே சந்தேகத்துக்குரியவர்களை அடையாளம் காண முடிகிறது. அப்படிச் சந்தேகம் வந்த பிறகு, வேலூருக்கோ சென்னைக்கோ ஸ்கேனுக்கு அனுப்பாமல், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ‘இது அல்சைமராக இருக்க வாய்ப்பில்லை’ என்று ஒதுக்கிச் சொல்ல ஒரு மலிவான மின்வாய் இருந்தால் அது பெரிய காரியம். கிராஃபீன் பூச்சுக்குச் செலவாகும் உழைப்பில் ஒரு பங்கு, ரத்தத்தைக் கழுவி எடுக்கும் சின்னஞ்சிறு குழாய்ப் பட்டைக்கும், உண்மையான நோயாளிகளின் ரத்தத்தில் அதைச் சோதிப்பதற்கும் போனால் அது வரும்.

அதுவரை, மறதிநோயைக் கண்டுபிடிக்கும் வீட்டுப் பட்டை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் தெரிந்த வழியில் திகைத்து நிற்கிறார், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், பணக்கணக்கில் புதிதாகத் தடுமாறுகிறார் என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு இருக்கிறதா, காது சரியாகக் கேட்கிறதா, என்னென்ன தூக்க மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இவற்றால் வரும் மறதிக்கு இன்றே சிகிச்சை இருக்கிறது.